பளிங்குச் சுண்ணாம்பு

கீழைக் கடல்களில் மனிதன் கடவுளுக்காகக் கல்லில் எழுப்பிய விண்ணப்பங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் தலையாயது, போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிரே குட்டித்தீவின் மேட்டில் பாழடைந்து நிற்கும் வெள்ளைக்காரர் காலத்துத் தேவாலயமே என்பது ஓவர்சியர் ஜம்புலிங்கத்தின் அசைக்க முடியாத கருத்து. அதன் கூர்வளைவு ஜன்னல்களுக்குக் கீழே நின்றால் நாத்திகனுக்கும் தொண்டை அடைக்கும் என்பான். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு பெரிய மனிதரையும் இலாகா லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறான். அந்தத் தேவாலயத்தில் ஒரு பகுதியைச் சூளையில் போட்டு வேகவைத்து டெலானிபூர் குவார்ட்டர்ஸுகளுக்கு வெள்ளையடித்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

யாரும் கேட்கவும் இல்லை. கார்த்திகை மழை தொடங்கிய வாரத்தில்தான், டெலானிபூரில் தன் குவார்ட்டர்ஸ் சுவரிலேயே அந்த இடத்தைப் பார்த்தான்.

கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை போயிருந்தது. அடியில் செங்கல்லின் சிவப்பு தெரிந்தது. மழை ஒழுகியிருந்தால் மேலிருந்து கோடு இறங்கியிருக்கும். கட்டில் கால் இடித்திருந்தால் பிசிறு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. விளிம்புகள் வழுவழுவென்று, குழந்தை சப்பிப் போட்ட வெல்லக்கட்டி போல உள்வளைந்திருந்தன. தொட்டான். ஈரமாக இருந்தது.

"நீலா, இதென்ன இது?"

அரிசி களைந்துகொண்டிருந்த நீலாவதி திரும்பவில்லை. "எலியா இருக்கும்."

"எலிக்கு வாயோரம் வெள்ளையா இருக்குமா?"

அவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டாரு பெரிய இஞ்சினீரு. வாய் கேக்குதுங்க, நான் என்ன செய்ய? ஊர்ல இருந்தா அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்னிருப்பேன். இங்க சர்க்கார் சுவருதான் இருக்கு."

கொல்லைக் கதவில் சாய்ந்து நின்ற ஜன்னத் பீவிக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டுக்காரி. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனின் மனைவி. "வயித்துப் புள்ளக்காரி கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது தம்பி. சின்னவன் சிராஜைச் சுமக்கும்போது பெரியவனோட சிலேட்டுக் குச்சியெல்லாம் நானே தின்னு தீர்த்தேன். தனக்குப் படிப்பு ஏறாததுக்குப் பெரியவன் இன்னிக்கும் அதைத்தான் காரணம் சொல்றான்."

இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஜம்புலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொட்ட விரலை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

சுண்ணாம்பு வந்த கதை இதுதான். டில்லியிலிருந்து ஒரு மந்திரி வருகிறார் என்று தந்தி வந்தது. மந்திரிகளின் கண்ணுக்கு வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அந்தமானில் எல்லா இலாகாக்களும் ஒப்புக்கொண்ட உண்மை. சுண்ணாம்பு ஏற்றிய கப்பலோ மதராஸில் என்ஜின் பழுதாகிக் கிடந்தது. சங்கும் சிப்பியும் சுட்டு எடுக்கலாமென்றால் நாள் போதாது. அப்போது காண்ட்ராக்டர் ராஜமாணிக்கம், ஹேடோ துறைமுகத்தில் வெற்றிலை குதப்பியபடி, எதிர்த்தீவைத் தாடையால் காட்டினான். தேவாலயத்தின் உள்சுவரில் பளிங்குக் கற்கள் பதித்திருந்தன. இந்தத் தீவுகளில் காய்ச்சலிலும் கடலிலும் செத்த துரைமார், துரைசானிமார் நினைவாக வைத்த கற்கள். பளிங்கை வேகவைத்தால் சுண்ணாம்புதான்.

"அதுல பேரெல்லாம் எழுதியிருக்கேய்யா" என்றான் ஜம்புலிங்கம்.

"பத்தர் ஹை சார், வெறும் கல்லு. பேரு எழுதியிருந்தா கல்லு வேகாதா?"

கல் நன்றாகவே வெந்தது. கண்டல் விறகில் சூளை எரிந்தது. புகை துறைமுகத்தின் மேல் தாழ்ந்து கிடந்தது. மேஜர்கள் வெந்தார்கள். ஒரு பாதிரியார் வெந்தார். கடைசியாகக் கழற்றிய கல் சிறியது. ஜன்னல்களைப் போலவே மேலே கூர்வளைவாகச் செதுக்கியது. தூங்கும் ஆட்டுக்குட்டி ஒன்றும் அதற்குக் கீழே நாலு வரி இங்கிலீஷும் இருந்தன. கல் உடைக்க வந்தவர்கள் ராஞ்சிக்காரர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். அதுவரை துரைமாரை மளமளவென்று உடைத்தவர்கள், இந்தக் கல்லைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "இஸ் மே பச்சா ஹை, சாப்" என்றான் ஒருவன். இதில் குழந்தை இருக்கிறது.

ஜம்புலிங்கம் சிரித்தான். குழந்தை கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, இது வெறும் பலகை என்று தன் ஹிந்தியில் விளக்கினான். யாரும் குனியவில்லை. மந்திரி வரப்போகிறார். அவனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு சம்மட்டியை எடுத்தான். ஓங்கும்போது வரிகளைப் படித்துவிட்டான், படித்திருக்கக் கூடாது. ஆலிஸ் என்று பெயர். இன்னும் நடக்கத் தொடங்காதவள். தாய்ப்பாலை மறக்காதவள். மற்றவை ஆண்டவரைப் பற்றியவை.

முதல் அடியில் உடையவில்லை.

மந்திரி கடைசியில் வரவில்லை. சுவர்கள் வெள்ளையாக இருந்தன. மிஞ்சிய சுண்ணாம்பை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெண்ணெய் மாதிரி இருக்கிறதென்று அலுவலகமே அதை வெற்றிலையில் தடவித் தின்றது. தலைமைக் குமாஸ்தாவின் நாக்கில் பாதிரியார் சிவந்தார். ஜம்புலிங்கத்துக்கும் ஒரு பானை வந்தது. கொல்லையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தான்.

சொல்லியிருக்கலாம். நீலா, இது கல்லறைக் கல் சுண்ணாம்பு என்று சொன்னால் அந்த நிமிஷமே காறித் துப்பியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் நீலாவதிக்குத் தெரிந்தால் ஜன்னத் பீவிக்குத் தெரியும், ஜன்னத் பீவிக்குத் தெரிந்தால் ஜெய்னுதீன் கடைக்குத் துணி வாங்க வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். தேவாலயத்தின் பெருமையை எடுத்துச் சொல்லவென்று தீவில் இருப்பவன் ஒருவன்; அவனே அதை வேகவைத்தவன் என்றால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் துணிந்து வாயெடுத்தான்.

"நீலா, அந்தச் சுண்ணாம்பு இருக்கே..."

"ம்?"

"குளிர்ச்சி. சளி பிடிக்கும்."

ஹேடோவிலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தான். அவள் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "இது வெறும் சுண்ணாம்புங்க" என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அதைத் தின்னாத்தான் உள்ள அசையுது. தின்னலைன்னா கல்லு மாதிரி கிடக்குது. பயமா இருக்கு" என்றாள்.

இந்தத் தீவில் அந்த மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தகரக் கூரையில் மழை இரையும், தவளைகள் கத்தும், மழை நின்ற இடைவெளியில் கூரை விளிம்பு சொட்டும். அந்தச் சொட்டுக்கு நடுவில், அவள் அடுப்படியில் இருக்கும்போதும், அறையிலிருந்து ஒரு சத்தம் வரும்: பூனை பால் நக்குவதைவிட மெல்லிய, நிதானமான, அவசரமில்லாத ஒரு சொரசொரப்பு. போய் லாந்தரைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஈரக் காரை வாசனையோடு இன்னொரு வாசனையும் இருக்கும். குழந்தை எதிரெடுத்த பாலின் புளிப்பு. சுவரில் அந்த இடம் வளர்ந்துகொண்டே வந்தது. அகலத்தில் இல்லை, உயரத்தில். பக்கவாட்டில் நேராக எழுந்து, மேலே இரண்டு வளைவுகளாகக் குவிந்து, ஒரு முனையில் சேர்ந்தது. இந்த வடிவத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தீவில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையை அவன் அன்றைக்கு அனுபவிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் டில்லியிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். பழைய தேவாலயங்களின் கட்டடக்கலையில் நிபுணர். பாதுகாக்கத் தக்க கட்டடங்களைப் பார்த்துச் சிபாரிசு செய்ய வந்தவர். ஜம்புலிங்கத்துக்கு அழைப்பு வந்தது. காலையில் புறப்படும்போது நீலாவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி என்னங்க?"

"ஆபீசர் வந்திருக்காங்கடி. நான் இல்லாம கோத்திக்கை யார் சொல்றது?"

கூர்வளைவுக் கட்டடங்களைக் குறிக்கும் கோத்திக் என்ற சொல்லை அவன் முன்பொரு கமிஷனரிடமிருந்து கற்றான். அதன் பிறகு ஜன்னலும் கோத்திக், கதவும் கோத்திக். தீவின் பழைய சமையற்கட்டுப் புகைபோக்கியையும் விட்டுவைக்கவில்லை.

தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. நடுக்கூடத்தில் மழை நேராக இறங்கி, கல்தரையில் குட்டையாகத் தேங்கி, வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மேற்குச் சுவரை ஆலம்விழுது ஒரு கிழவனின் கைபோலப் பற்றியிருந்தது. அதை எடுத்தால் சுவர் விழும், விட்டாலும் விழும். பர்மாத் தேக்கு ஜன்னல் சட்டங்கள் மட்டும், கண்ணாடி போய், கடலை வைத்துக்கொண்டு நின்றன. முட்டுச்சுவர்கள், மணிக்கூண்டு, பீடத்துக்கு ஏறும் படிகள் என்று ஜம்புலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். அம்மையார் கேட்டுக்கொண்டே போனார். வடக்குச் சுவருக்கு முன் நின்றுவிட்டார்.

"இங்கே நினைவுக் கற்கள் இருந்திருக்கின்றன. வெற்றிடங்கள் தெரிகின்றன. எங்கே போயின?"

"யுத்தத்தில் வந்த ஜப்பான்காரர்கள், மேடம்" என்றான் ஜம்புலிங்கம் துக்கத்தோடு. "கலாரசனை இல்லாதவர்கள்."

அம்மையார் சின்ன வெற்றிடத்தின் கூர்வளைவு விளிம்பை விரலால் தடவினார். "உளித்தடம் புதிதாக இருக்கிறதே."

"இந்தக் காற்றில் எதுவும் சீக்கிரம் பழசாகாது, மேடம்."

இரும்பு இரண்டே மழையில் துருவாகிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொன்னான். சொன்ன வாயில் சுண்ணாம்பு கரித்தது. அப்போதுதான் அவன் கண் கீழே போனது. வெற்றிடத்துக்கு அடியில், சுவர் முழுக்கப் படிந்திருந்த பாசியில் ஒரு பட்டை துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. முழங்கால் உயரம். அந்தப் பட்டை சுவரோடு சுவராக, ஒரே மட்டத்தில், வாசல்வரை போனது. வாசல் நிலையைத் தாண்டியது. வெளியே படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் இறங்கியது. லாஞ்சு கட்டியிருந்த துறையை நோக்கி.

"மான்கள் நக்கியிருக்கும்" என்றான் ஜம்புலிங்கம். யாரும் கேட்கவில்லை.

அம்மையார் அவனைப் பாராட்டினார். உங்களைப் போன்றவர்கள் இருக்கும்வரை இந்தக் கட்டடங்களுக்குப் பயமில்லை என்றார். உள்ளூர்ச் சுண்ணாம்புப் பூச்சின் தரத்தைப் பார்க்க வேண்டும், நாளைக் காலையில் உங்கள் குவார்ட்டர்ஸுக்கே வருகிறேன், உங்கள் மனைவி கையால் காபி குடித்துவிட்டுச் சுவரையும் பார்க்கிறேன் என்றார்.

டெலானிபூர் ஏற்றத்தில் அவன் நனைந்துகொண்டே ஏறியபோது இருட்டிவிட்டது. வீட்டில் விளக்கு இல்லை. வாசலில் ஜன்னத் பீவி, தலையில் முக்காட்டோடு, கையில் ஒரு துணி மூட்டையோடு நின்றாள்.

"எங்க தம்பி போய்த் தொலைஞ்சிய? மதியமே வலி கண்டிருச்சு. ஜீப்பு புடிச்சு ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு கிடக்கு புள்ள. நான் பழைய சேலை எடுக்க வந்தேன். வா, போவோம்."

"நீங்க முன்னால போங்கக்கா. சட்டை மாத்திட்டு வந்துர்றேன்."

"சட்டை என்னத்துக்கு? கல்யாணத்துக்கா போற?"

"வந்துர்றேன்கா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே இறக்கத்தில் மறைந்தாள். ஜம்புலிங்கம் உள்ளே போனான். லாந்தரை ஏற்றினான். சட்டையைக் கழற்றினான்; மாற்றுச் சட்டையை எடுக்கவும் செய்தான். அந்த அளவுக்கு அவன் பொய் சொல்லவில்லை. அப்போது அறையிலிருந்து சத்தம் வந்தது.

நீலாவதி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

லாந்தரை நீட்டினான். கட்டிலுக்குப் பின்னால் மட்டுமில்லை. நாலு சுவரிலும், முழங்கால் உயரத்துக்குக் கீழே, வரிசையாகக் கூர்வளைவுகள். சிவப்புச் செங்கல் ஜன்னல்கள். ஒவ்வொன்றும் ஈரமாக மின்னியது. கட்டடக்கலை தெரிந்த எவரும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளும்படி, அவ்வளவு ஒழுங்காக, வீடே தேவாலயமாகியிருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி இறக்கத்தின் அடியில்தான். ஆனால் காலையில் அம்மையார் வருவார். காபிக் கோப்பையோடு இந்த அறையில் நிற்பார். விளிம்பை விரலால் தடவுவார்.

அரைமணி வேலைதான் என்று நினைத்துக்கொண்டான். அங்கே டாக்டர் இருக்கிறார், ஜன்னத் பீவி இருக்கிறாள். தான் போய் என்ன செய்யப் போகிறோம். கொல்லையிலிருந்து பானையை இழுத்து வந்தான். மேலே தெளிந்த நீர், அடியில் வெண்ணெய். வெள்ளையடிக்கும் மட்டை அகப்படவில்லை. கையால் அள்ளினான். குளிர்ந்திருந்தது. கதவைத் தாழிட்டு, குந்தி உட்கார்ந்து, முதல் கூர்வளைவின் மேல் பூசினான்.

இரண்டாவது. மூன்றாவது. சுண்ணாம்பு நன்றாகப் பிடித்தது. மழை வலுத்தது. பால் புளித்த வாசனை கிட்டத்தில் வந்தது. அவன் மூச்சை வாயால் விட்டான். நாலாவதைப் பூசிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

முதலாவது சிவப்பாக இருந்தது. ஈரமாக.

திரும்பிப் போய்ப் பூசினான். இரண்டாவது போயிருந்தது. பூசினான். பின்னால் சொரசொரப்பு. திரும்பவில்லை. பூசினான். பின்னால். பக்கத்தில். லாந்தர் வெளிச்சத்தில் அவன் நிழல் சுவரில் குந்தியிருந்தது. அவன் நிழல் மட்டும்தான்.

தரையில் ஏதோ நகர்ந்தது. கையும் முட்டியும் தரையில் பட்டுப் பட்டு. நின்றது. மறுபடியும்.

அவன் எழுந்தான். சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். சுண்ணாம்பு வழிந்த வலது கை பக்கத்தில் தொங்கியது.

விரலை ஏதோ பற்றியது.

சூடு. பல் இல்லை. வெறும் ஈறு. நாக்கு விரலடியில் குழிந்து, மெல்ல இழுத்தது. சப்பியது. நிறுத்தி மூச்சு வாங்கியது. மறுபடி சப்பியது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"ஓவர்சியர் தம்பி." ஜெய்னுதீனின் குரல். குடைமேல் மழை கொட்டும் சத்தம் கூடவே கேட்டது. "பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தாய் நல்லாருக்கு. புள்ளதான் பால் குடிக்க மாட்டேங்குது. வாயே தொறக்கல. டாக்டர் உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

விரல் சுத்தமாகிவிட்டது. வாய் விட்டது. நிழலில், அவன் முழங்காலுக்குக் கிட்டே, ஒரு சிணுங்கல் தொடங்கியது. வாய்விட்டு அழப் போகும் குழந்தையின் முதல் சிணுங்கல்.

"தம்பி, விளக்கு எரியுதே. உள்ளதான இருக்கீங்க?"

ஜம்புலிங்கம் குனிந்து லாந்தரை ஊதி அணைத்தான். விரலைப் பானையில் விட்டு எடுத்துக் கீழே நீட்டினான். சிணுங்கல் நின்றது.

ஜெய்னுதீன் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஜம்புலிங்கம் வீட்டில் ஆள் இல்லாததுபோல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். சுவர் பாதிதான் முடிந்திருந்தது.